7.67 மீற்றர்: ஓர் ஓட்டக்காரனுக்குக் கொடுத்த சலுகைகளின் கணக்கு

2020 சித்திரை கடைசியில், நாடே ஊரடங்கில் கிடந்தபோது, முந்தைய மார்கழியில் பதினோராம் தர முடிவில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு இணையத்தில் வந்தது. எழுதியவன் என்னிடம் ஓட்டம் பழகிய பிள்ளை. அவனிடம் போன் இல்லை. சுட்டெண்ணைக் கொப்பி ஒற்றையில் எழுதி முதலே என்னிடம் தந்து வைத்திருந்தான். நான்தான் தட்டிப் பார்த்தேன். சைவநெறி சி, சித்திரம் சி, தமிழ் எஸ், குடியியல் எஸ். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு நான்கும் டபிள்யூ. (சி திறமைச் சித்தி, எஸ் வெறும் சித்தி, டபிள்யூ சித்தியில்லை.) ஒன்பதாவது பாடம் சுகாதாரமும் உடற்கல்வியும். அது எஸ்.

அந்தப் பாடத்தைப் படிப்பித்தவன் நான். சில மாதங்களுக்கு முன்னர்தான் 18 வயதின்கீழ் 400 மீற்றரில் மாகாணத்தில் இரண்டாமிடம் எடுத்திருந்தான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு உடற்கல்வியில் 35க்கும் 49க்கும் இடையில் ஒரு புள்ளி. தாளில் கரப்பந்து மைதான அளவு கேட்பார்கள், போசணை கேட்பார்கள், தவறுகளின் பெயர் கேட்பார்கள். அவற்றை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடவேளைகளில் அவன் வெளியே வளைவில் ஓடிக்கொண்டிருந்தான். ஓட அனுப்பியவனும் நான்தான்.

பாடசாலை முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம். பெயர் வேண்டாம். அவன் பெயரும் வேண்டாம். மைதானத்தில் பெடியள் அவனைக் ‘குதிரை’ என்பார்கள். பின்னாளில் அந்தப் பட்டத்தை நினைக்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

பிள்ளை

அவன் முதலாம் தரம் படிக்கவேண்டிய ஆண்டு 2009. முல்லைத்தீவில் அந்தத் தை மாதம் யார் யாருக்கு ஏடு தொடக்குவது? ஆண்டின் முற்பாதி பதுங்குகுழியில் போனது. மிச்சம் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில், தறப்பாளுக்குக் கீழே நடந்த பள்ளியில் போனது. தகப்பன் இல்லை. மூத்த தமையன் இன்றுவரை காணாமல் ஆக்கப்பட்டவர் பட்டியலில் இருக்கிறான். ஊர் திரும்பியபோது இவன் மூன்றாம் தரம். தாய் கச்சான் பிடுங்கவும் வயல் களை எடுக்கவும் கூலிக்குப் போனா.

2014இல் ஆறாம் தரத்துக்கு வந்தபோது எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் அது புதினமில்லை. வகுப்பில் ஏழெட்டுப் பேர் அப்படி இருந்தார்கள். மற்றவர்களைத் தமிழ் ரீச்சர் பின்னேரம் மறித்து வைத்து வாசிக்க வைத்தா. இவனை மட்டும் மறிக்க முடியவில்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் இவன் வெறுங்காலோடு கிரவல் தெறிக்க ஓடியதை நான் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து பின்னேரம் என்னுடையதாகிவிட்டது.

சலுகைகள் வளர்ந்த விதம்

முதற் சலுகை சாப்பாடு. அதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. விடிய ஐந்தரைக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளை வெறுந்தேத்தண்ணியோடு வருவான். கடையில் ரொட்டியும் இரண்டு அவித்த முட்டையும் வாங்கிக் கொடுப்பேன். சாப்பிட்டு முடிய எட்டேகால் ஆகும். முதலாம் பாடவேளை போய்விடும். கேட்டால் “சேர் சாப்பிட விட்டவர்” என்பான். யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

பிறகு போட்டித் தவணை வந்தால் கடைசி இரண்டு பாடவேளைகளும் போயின. எங்கள் நேரசூசியில் கணிதம் கிழமையில் மூன்று நாள் கடைசி வேளையில் இருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, அப்படி விழுந்தது. ஒன்பதாம், பத்தாம் தரங்களில் அவன் உட்கார்ந்து கேட்ட கணித பாடங்களை எண்ணினால் ஒரு தவணைக்கு வருமோ தெரியாது. ஆனால் இடாப்பில் வரவு சுத்தமாக இருந்தது. வகுப்பாசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி போடுவார்.

மூன்றாவது சலுகையை நான் வாய்விட்டே கேட்டேன். பத்தாம் தரம் இரண்டாம் தவணை. தமிழ்த் தாளில் அவனுக்கு 22. ஆசிரியர் அறையில் தாளைத் திருத்திக்கொண்டிருந்த ரீச்சரிடம் போய், “முப்பத்தஞ்சு போட்டுவிடுங்கோ ரீச்சர், பிள்ளை மாகாணத்துக்கு ஓடவேணும்” என்றேன். அவ பேனையை மூடாமலே சொன்னா: “நான் போடுறன் சேர். திணைக்களத்துத் தாள் திருத்துறவையும் போடுவினமோ?”

போட்டா. நானும் அதை ஒரு வெற்றியாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ரீச்சர் சொன்னதில்தான் முழு விசயமும் இருக்கிறது. எங்கள் பாடசாலைகளில் பதினோராம் தரம் வரை பிள்ளை தானாகவே வகுப்பேறும். தவணைப் புள்ளி வீட்டுக்குள் போடும் கணக்கு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை விட்டால், சாதாரண தரத்தில்தான் முதன்முதலாக, இவன் யார் என்று அறியாத ஒருவர், பெயரில்லாத தாளை, சுட்டெண்ணை மட்டும் வைத்துத் திருத்துகிறார். அதுவரை நாங்கள் கொடுத்தது கடன். 2019 மார்கழியில் அது வட்டியோடு கேட்கப்பட்டது. கட்டவேண்டியவனாக நின்றது அவன் மட்டும்தான்.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. அமெரிக்காவில் வடகரோலைனாப் பல்கலைக்கழகத்தின் சப்பல் ஹில் வளாகத்தில் வகுப்பும் கிடையாது, விரிவுரையாளரும் கிடையாது, ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் நல்ல புள்ளி என்று ‘கடதாசிப் பாடங்கள்’ 18 ஆண்டுகள் ஓடின. 2014இல் வந்த விசாரணை அறிக்கையின்படி 3,100க்கு மேற்பட்ட மாணவர்கள் அவற்றை எடுத்திருந்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேர் பல்கலைக்கழக அணிகளின் வீரர்கள். 2017இல் அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கம் தண்டனை கொடுக்க முடியாது என்றது. அந்தப் பாடங்கள் வீரர்களுக்கு மட்டுமன்றி எல்லா மாணவருக்கும் திறந்திருந்தனவாம். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே அந்தப் பிள்ளைகள் கையில் ஒரு பட்டமாவது இருந்தது. எங்கள் சலுகை பட்டம் கொடுக்கிற இடத்துக்கு நெடுந்தூரம் முன்பே முடிந்துபோகிற சாதி.

விடுகைப் பத்திரம்

இதை எழுதுவதா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் இந்தக் கணக்குப் பொய்.

2018இல், அவன் பத்தாம் தரத்தில் இருந்தபோது, யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலை ஒன்றிலிருந்து ஆள் வந்தது. விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், பின்னேரப் படிப்புக்கு விடுதியிலேயே ஆசிரியர். எங்கள் பேச்சில் இதற்குப் ‘பிள்ளை பிடிக்கிறது’ என்று பெயர். சொல்லும்போதே எங்களுக்குக் கோபம் வரும். விதை போட்டது நாங்கள், அறுவடை அவர்களுக்கோ?

பாடசாலை மாற்றத் தாய் விடுகைப் பத்திரம் கேட்டு வந்தா. அதிபர் என்னைப் பார்த்தார். நான் பேசினேன். “பிள்ளையை விடுதியில விட்டிட்டு நீங்கள் தனிய இருப்பியளோ அம்மா? இஞ்சை நாங்கள் பாப்பம்தானே.” அவ ஒரு மகனை ஏற்கெனவே தொலைத்தவ என்று தெரிந்துகொண்டுதான் அதைச் சொன்னேன். அவ ஒன்றும் சொல்லாமல் போனா. அடுத்த ஆண்டு மாகாணப் பதக்கம் எங்கள் பாடசாலைப் பெயரில் பதிவானது.

விடுதிக்குப் போயிருந்தால் படித்திருப்பான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். அங்கேயும் ஓட்டத்துக்காக எடுத்த பிள்ளைகள் அடிபட்டுத் திரும்பியதைக் கண்டிருக்கிறேன். தசைநார் கிழிந்த மறுமாதம் விடுதிக் கட்டிலும் போய்விடும். ஆனால் முடிவெடுக்கிற உரிமை எனக்கு இருக்கவில்லை.

மாகாணத்துக்குப் பிறகு அகில இலங்கைப் போட்டி. வாழ்க்கையில் முதற்தடவை செயற்கைத் தடம். ஸ்பைக்ஸ் மூன்று பேருக்கு ஒரு சோடி, அவனுக்கு அரை அளவு பெரிது, முன்னுக்குப் பஞ்சு வைத்திருந்தான். முதற் சுற்றோடு வந்துவிட்டான். ஊரில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி மாலை போட்டு, சந்தியிலிருந்து பாடசாலை மட்டும் கொண்டுவந்தார்கள். கனடாவிலிருந்த பழைய மாணவர்கள் அணிக்குப் புது ஜேர்சிக்குக் காசு அனுப்பினார்கள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. ரியூசனுக்குக் காசு அனுப்பச் சொல்லி யாரும் அவர்களிடம் கேட்கவுமில்லை.

யாருக்கு என்ன கிடைத்தது

அதிபர் அறையில் கண்ணாடி அலுமாரிக்குள் கேடயங்கள். கோட்டத்திலும் வலயத்திலும் பாடசாலைக்குப் பெயர். எனக்கு மேற்பார்வை அறிக்கையில் ஒரு நல்ல வரி, ஒரு பொன்னாடை. அவனுக்குப் பதினான்கு சான்றிதழ்கள். கூரைத் தகரம் ஒழுகுமென்று தாய் அவற்றைப் பசளைப் பையின் உள் பொலித்தீனில் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்திருந்தா. 

பரிசளிப்பு விழாக்களில் நாங்கள் எதிர்வீரசிங்கத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. பெரியவிளானில் பிறந்து, யாழ். மத்திய கல்லூரியில் படித்து, 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்னிலும் ஒலிம்பிக்கில் பாய்ந்து, 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றவர். இவ்வளவும் சொல்லிக் கைதட்டு வாங்கி இறங்கிவிடுவோம். அவர் கலிபோர்னியாவின் பல்கலைக்கழகத்தில் படித்ததையும், அவர் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று வெளிநாடுகளில் படிப்பித்ததையும் நான் ஒரு மேடையிலும் கேட்டதில்லை. நானே சொன்னதுமில்லை. கதையைக் கோலோடு நிறுத்திவிடுகிறோம்.

வாசல்கள்

ஐந்து பாடச் சித்தி, கணிதம் டபிள்யூ. உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு சித்தி வேண்டும், அவற்றில் மூன்று ‘சி’யாவது இருக்கவேண்டும். உயர்தரம் இல்லையென்றால் மற்ற வாசல்கள் தன்பாட்டில் சாத்திக்கொள்ளும். விளையாட்டில் தேசிய மட்டத்தில் சாதித்தோருக்குப் பல்கலைக்கழக விசேட அனுமதி உண்டு. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்தவருக்குத்தான் அது. சபரகமுவவில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் உண்டு, அதுவும் உயர்தரத்துக்குப் பிறகு. ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரியின் உடற்கல்விப் பாடநெறியும் அப்படியே. எங்கள் வன்னியின் நான்கு மாவட்டங்களும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்கின்றன. அந்தச் சலுகையைத் தொடவும் முதலில் பரீட்சை மண்டபத்துக்குப் போகவேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓட ஒரு வழி இலங்கையில் பெரிய வழியாக இருக்கிறது. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ். சம்பளம், சாப்பாடு, பயிற்சியாளர், தடம் எல்லாம் அங்கே கிடைக்கும். தெற்கில் ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு அது இயல்பான அடுத்த படி. வன்னியில் அந்தப் படி எங்கே நிற்கிறது என்று வெளியார் யோசிப்பதில்லை. 2020 கடைசியில் யாரோ சொல்லி அவனுக்கும் அந்த எண்ணம் வந்தது. என்னிடம் கேட்டான். நான் தாயிடம் கேட்கச் சொன்னேன். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோருக்காக 2017 மாசி 20இல் தொடங்கிய போராட்டப் பந்தலில், மூத்தவனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் இருந்தவ அவ.

“அம்மா என்ன சொன்னவ?”

“ஒண்டும் சொல்லேல்ல சேர். சோத்தைப் போட்டுத் தந்திட்டு வெளியில போய் இருந்திட்டா.”

அந்தக் கதை அதோடு முடிந்தது. போகிற பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் அது முடியாது, அவ்வளவுதான்.

2020, 2021இல் கொரோனாவால் போட்டிகள் நின்றன. ஒரு 400 மீற்றர் ஓட்டக்காரனுக்கு 17, 18 வயது போனால் திரும்பாது. மணல் டிப்பரில் ஏற்றி இறக்கப் போனான். இரவு வேலை. சில நாள் பொலிஸைக் கண்டு ஓடவேண்டியும் வந்ததாம். “அதிலதான் சேர் இப்ப பிராக்டிஸ்” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாடாவும் சுண்ணாம்பும்

2021 மாரியில் அவனை மைதானத்துக்குக் கூப்பிட்டேன். பாடசாலைகள் திறந்திருந்தன, தைக்கு இல்லப்போட்டி வரும், தடம் கீறவேண்டும். கூலிக்குத்தான் கூப்பிட்டேன், வேறு நோக்கமில்லை.

தடத்தின் அகலம் 1.22 மீற்றர். வளைவில் வெளித்தடம் நீளம் கூட, அதனால் வெளியே ஓடுபவனின் தொடக்கக் கோட்டை முன்னுக்குத் தள்ளவேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பதை நான் இருபது வருடமாக மனப்பாடமாகச் சொல்லி வந்தேன். அன்று நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கேட்டான்: “ஏன் சேர் 7.67? ஏழெண்டு வைச்சா என்ன?”

நிலத்தில் குச்சியால் எழுதினேன். முழுச் சுற்றில் இரண்டு அரைவட்டம், சேர்த்தால் ஒரு வட்டம். வட்டத்தின் சுற்றளவு இரண்டு பை ஆர். அடுத்த தடத்துக்கு ஆரை 1.22 கூட. ஒன்றிலிருந்து மற்றதைக் கழி.

பார்த்துக்கொண்டு நின்றான். கனநேரம். பிறகு காலால் ‘ஆர்’ இரண்டையும் அழித்தான்.

“அப்ப ஆர் வெட்டுப்படுது. மைதானம் சின்னனெண்டாலும் பெரிசெண்டாலும் அதே 7.67தானோ?”

“அதேதான்.”

“எங்கட இருநூறு மீற்றர்த் தடத்திலயும், கொழும்பிலயும்?”

“ஓம்.”

(விசயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரமுன் சொல்லிவிடுகிறேன். முதற்தடத்தை உட்கரையிலிருந்து 30 சதமமீற்றரும் மற்றவற்றைக் கோட்டிலிருந்து 20 சதமமீற்றரும் தள்ளி அளப்பதால் இரண்டாம் தடத்துக்கு மட்டும் 7.04 வரும். அதையும் அவனே அடுத்த நாள் போட்டுக் காட்டினான்.)

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. ஒன்பதாம், பத்தாம் தரப் பிள்ளைக்கு இதைவிட நல்ல அட்சரகணிதப் பாடம் இருக்கமுடியாது. ஐந்து வருடம் ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டில்தான் அவன் குனிந்து நின்றான். பாடம் அவன் விரலுக்குக் கீழே கிடந்தது. அதைக் கணித ஆசிரியரிடம் நானும் சொல்லவில்லை, அவரும் மைதானத்துக்கு வரவில்லை.

கணித ஆசிரியர் ஓய்வுபெற்றிருந்தார். போய்க் கேட்டேன். வாசலுக்குக் கதிரை போட்டு, கிழமையில் நாலு பின்னேரம், காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 வைகாசியில்தான் நடந்தது. பெற்றோல் இல்லாத காலம், பஸ் ஓடவில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கான நிலையம் தூரம். விடிய நாலரைக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டுப் போய் எழுதினான். கணிதம் எஸ். வரலாறு மறுபடியும் டபிள்யூ. அதற்கு என்னிடம் நாடா இல்லை.

இப்போது

உயர்தரத்துக்கு அவன் போகவில்லை. “காணும் சேர்” என்றான். அதில் கோபமோ கவலையோ இருக்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தும் பாடநெறி முடித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்தான். ஒரு கராஜில் நிற்கிறான். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா எழுபது தாண்டி 2023இல் பிலிப்பைன்ஸில் 1500 மீற்றரிலும் வேகநடையிலும் தங்கம் வென்ற செய்தி வந்த அன்று போன் எடுத்தான். “அவ எழுபதில ஓடுறா சேர். எனக்கு இருபதிலயே முடிஞ்சுதெண்டு ஊரெல்லாம் சொல்லுது.”

அவனோடு ஒரே ஆண்டில் 1500 மீற்றர் ஓடிய பிள்ளை ஒருத்தி இப்போது கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி படிக்கிறாள். அவளுக்கு நாங்கள் சலுகை கொடுக்கவில்லை, பெட்டைப்பிள்ளை பதினாறோடு ஓட்டத்தை விட்டுவிடும் என்று நினைத்தோம். தாய் ஒரு நிபந்தனை வைத்திருந்தா, ஆறரைக்கு விளக்கடியில் இருக்கவேண்டும் என்று. கவனிக்காமல் விட்டது அவளுக்கு நன்மையாகப் போனது என்று சொன்னால் கேட்கவே கேவலமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

நான் இப்போது வேறு பாடசாலையில். அங்கே நேரசூசி போடும்போது கணிதத்தையும் தமிழையும் கடைசி இரண்டு வேளையில் போடவேண்டாம் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். போட்டிக்குப் போன நாளுக்கான பாடத்தை யார், எந்தப் பின்னேரம் சொல்லிக்கொடுப்பது என்று அணிப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுகிறோம். பாதி நாள் நடக்கிறது. மழை வந்தால் நடக்காது. விடுகைப் பத்திரம் கேட்டு யார் வந்தாலும் நான் அந்த அறையில் இருப்பதில்லை.

தை மாதம் வந்தால் அவனுக்கு இரண்டு கிழமை கராஜில் லீவு. சுற்றுவட்டாரத்தில் ஐந்தாறு பாடசாலைகள் தடம் கீற அவனைத்தான் கூப்பிடுகின்றன. போன தையில் எங்கள் மைதானத்தில் சுண்ணாம்பு வாளியோடு நின்றான். ஏழாம் தரப் பெடியன் ஒருவன் பக்கத்தில் வந்து, வெளித்தடத்தில் நிற்கிறவன் முன்னுக்கு நிற்பது அளாப்பி விளையாட்டு என்று சண்டை பிடித்தான். அவன் வாளியைக் கீழே வைத்தான்.

“அளாப்பியோ? இஞ்ச வா. குந்து. குச்சியொண்டு எடு.”